நம்ம ஊர் பனிக்காலத்த வெச்சு நாலு வரி காதல் கவிதை எழுத முடியுமா முடியாதா?

பால்பாக்கெட் | இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஒரு சந்தேகம் அதான் இழை போடறேன். நான் சும்மா நாலு வரி மூணு வரினு எழுதிப் பாக்கற ஆளு, பெருசா ஒண்ணும் இல்ல, ஆபீஸ்ல மதியானம் சாப்பிட்டப்புறம் ஒரு பத்து நிமிஷம். போன வாரம் இத எழுதினேன்:

வெண்பனி பொழியும் வேளையில்
உன் நினைவென்னும் போர்வைக்குள்
உறைந்து கிடக்கிறேன் நான்

ஸ்டேட்டஸ்ல போட்டேன். நாப்பது பேரு ஹார்ட் போட்டாங்க, ஒருத்தர் மட்டும், எங்க ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் சார், "ஏம்ப்பா திருவண்ணாமலைல எப்ப வெண்பனி பொழிஞ்சுது, எனக்கு சொல்லவே இல்லயே"ன்னாரு. சிரிச்சுட்டு வந்துட்டேன் ஆனா ராத்திரி பூரா அதே ஞாபகம். உண்மதான, நான் ஸ்னோவ கண்ணால பாத்ததே இல்ல. அப்ப நம்ம ஊர்க்காரன் குளிர்காலக் காதல் கவிதை எழுதணும்னா என்னதான் பண்றது? நம்ம கிட்ட வெயில் இருக்கு, மழை இருக்கு, குளிர்னு ஒண்ணு இருக்கா மொதல்ல?

சும்மா_ஒருத்தன் | இரவு 9.31

இல்ல. முடிஞ்சுது, இழைய மூடிடலாம் 😀

சீரியஸா சொல்றேன் பாஸ், டிசம்பர் கடைசில பதினஞ்சு நாள் ஃபேன ரெண்டுல வெச்சுட்டுத் தூங்கறதுதான் நம்ம குளிர்காலம். அதுக்குக் கவிதை எதுக்கு. வெள்ளக்காரன் ஆறு மாசம் வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கான் அவன் எழுதறான், ஜப்பான்காரன் பனில நடக்கறான் அவன் ஹைக்கூ எழுதறான். நமக்கு வேர்வைதான் வரும், அதப் பத்தி எழுதுங்க, அதுலயும் காதல் இருக்கு.

வாடைக்காத்து | இரவு 9.58

சும்மா_ஒருத்தன் தம்பி, தீர்ப்பு கொஞ்சம் அவசரமா சொல்லிட்டீங்க. பனிக்காலமே இல்லாத ஊரா இருந்தா அதுக்கு ரெண்டு பேரு எதுக்கு வெச்சாங்க? முன்பனி பின்பனினு தொல்காப்பியத்துலயே பிரிச்சு வெச்சிருக்கு. உரைக்காரங்க கணக்குப்படி மார்கழி தை முன்பனி, மாசி பங்குனி பின்பனி. சாயங்காலத்துலேந்தே பனி இறங்க ஆரம்பிச்சா முன்பனி, விடியக்காலத்துல இறங்கினா பின்பனி. இந்த வித்தியாசத்த ராத்திரி வெளில படுத்தவன்தான் கண்டுபிடிச்சிருக்க முடியும், ஏசில படுத்தவன் இல்ல.

பால்பாக்கெட்டு, உங்க கவிதைல சிக்கல் குளிர் இல்ல. "பனி"ங்கற வார்த்தைய நீங்க ஸ்னோங்கற அர்த்தத்துல எடுத்துட்டீங்க, அதுவும் சினிமாப்பாட்டு கொடுத்த அர்த்தம். நம்ம பனி பொழியாது, இறங்கும். இல்லனா "பனி பெய்யுது"ம்போம், அப்பவும் அது நம்ம துண்ட நனைக்கற பனிதான். பழைய தமிழ்ல பனித்தல்னா நடுங்கறதுனும் அர்த்தம், கண்ணுல பனினா கண்ணீர். குளிர், நடுக்கம், கண்ணீர் மூணுக்கும் ஒரே சொல்ல வெச்சிருக்கற பாஷைல குளிர்காலக் காதல் கவிதை இல்லேங்கறீங்களே!

சரி ஒண்ணு தரேன், நாலே வரி. குறுந்தொகை 68, அள்ளூர் நன்முல்லையார்னு ஒரு அம்மா எழுதினது.

பூழ்க்கால் அன்ன செங்கால் உழுந்தின்
ஊழ்ப்படு முதுகாய் உழையினம் கவரும்
அரும்பனி அற்சிரம் தீர்க்கும்
மருந்து பிறிதில்லை அவர் மணந்த மார்பே

பூழ்னா காடை. காடையோட கால் மாதிரி செவப்பா தண்டு இருக்கற உளுந்துச்செடி, அதுல முத்திப்போன காய மான் கூட்டம் வந்து மேயற பனிக்காலம். அற்சிரம்னா முன்பனி. இந்தக் குளிருக்கு வேற மருந்து கெடயாது, என்ன அணைச்ச அவரு மார்பு ஒண்ணுதான். அவ்ளோதான் கவிதை.

சும்மா_ஒருத்தன் | இரவு 10.06

அக்கா கடைசி வரி சூப்பர், ஒத்துக்கறேன். ஆனா முத ரெண்டு வரி எதுக்கு? உளுந்து, காடை, மானு. சப்ஜெக்ட்டுக்கு வரதுக்கே பாதி கவிதை போயிடுச்சே. இப்ப யாராவது ஸ்டேட்டஸ்ல போட்டா முத வரிலயே தள்ளி விட்டுட்டுப் போயிடுவாங்க.

கரிசக்காடு | இரவு 10.40

முத ரெண்டு வரிதான் கவிதையே அண்ணாச்சி. நான் வெவசாயக் குடும்பம், கோயில்பட்டிப் பக்கம், மானாவாரி. எங்கூர்ல புரட்டாசிப் பட்டத்துல மழைய நம்பி உளுந்து வெதப்போம், மார்கழி தைக்குக் காய் முத்திரும். முத்துனா கறுத்துப் போயிரும், காலைல பனி இருக்கும்போதே பறிக்கணும், வெயில் ஏறிட்டா காய் வெடிச்சு பருப்பு மண்ணுல தெறிச்சிரும். அதனால பனிக்குள்ளதான் வேல. விடியக்காலம் குனிஞ்சு செடியப் பிடிச்சா கையெல்லாம் ஈரமாயி வெறைச்சுப் போயிரும், நான் சின்னப்புள்ளைல அழுதிருக்கேன்.

இப்ப அந்தப் பாட்டப் பாருங்க. உளுந்து முத்திருச்சு, பறிக்க ஆளில்ல, மான் வந்து திங்குது. வெள்ளாம வீணாப் போகுதுல்ல? எனக்கு அப்பிடித்தான் படுது, படிச்சவங்க வேற சொல்லலாம். காலத்துல வந்து எடுக்க வேண்டியவன் வரல. அவ தன்னையச் சொல்லாம உளுந்தச் சொல்லுதா.

அந்தத் தண்டு செவப்பு சங்கதியும் நெசந்தான், எல்லா ரகத்துலயும் இருக்காது, எங்க ஆச்சி வெச்சிருந்த நாட்டு உளுந்துல தரைய ஒட்டி செவப்போடி இருக்கும், மேல பொசுபொசுன்னு முடி வேற. காடை கால் மாதிரின்னு சொன்னவ ரெண்டையும் கையில பிடிச்சுப் பாத்தவ, சந்தேகமே வேண்டாம்.

வாடைக்காத்து | இரவு 10.52

கரிசக்காடு, இருபது வருஷமா இந்தப் பாட்ட பாடமா நடத்திட்டு இருக்கேன். பனிக்குள்ள பறிக்கணும், வெயில் வந்தா வெடிச்சிரும்ங்கறது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். உள்ளுறைனு (வெளில சொல்லாம உள்ள மறைச்சு வெக்கற அர்த்தம்) போர்டுல எழுதிப் போட்டு வேற எதையோ விளக்கிட்டு இருந்திருக்கேன். நன்றி.

ஓய்வூதியம் | இரவு 11.20

இழை நன்றாகப் போகிறது. ஒரு சிறு தகவல் மட்டும். குறுந்தொகையை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் சௌரிப்பெருமாள் அரங்கனார், 1915இல். பிறகு உ.வே.சா. பதிப்பு 1937. என் தகப்பனார் வைத்திருந்த உ.வே.சா. பிரதி என்னிடம் இருக்கிறது, ஓரமெல்லாம் கரையான், நடுவில் பத்திரம். நாலு வரிக்குக் குறையாமல் எட்டு வரிக்கு மிகாமல் என்பது அந்தத் தொகைக்கான அளவு, 401 பாட்டு. இரண்டு பாட்டு மட்டும் ஒன்பது வரி ஓடிவிட்டது, ஆக அந்தக் காலத்திலேயே வரி எண்ணிக்கையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பால்பாக்கெட் தம்பி மூன்று வரியா நாலு வரியா என்று கவலைப்பட வேண்டாம்.

தம்பி சும்மா_ஒருத்தன் ஜப்பானைச் சொன்னார். அந்த ஜப்பான் குறுங்கவிதையைப் பற்றி பாரதியார் 1916லேயே சுதேசமித்திரனில் கட்டுரை எழுதிவிட்டார். நூறு வருடத்துக்கு மேலாகிறது.

சும்மா_ஒருத்தன் | இரவு 11.34

ஐயா வணக்கம். பாரதியார் எழுதினது ஓகே. ஆனா ஹைக்கூல அந்த சீசன் வார்த்தைனு ஒண்ணு வரணும்ல, கிகோனு சொல்லுவாங்க, தவளைன்னு சொன்னா வசந்தகாலம்னு அவனுக்குப் புரிஞ்சிடும், சீசன தனியா சொல்லவே வேணாம். அதுக்குன்னு அகராதியே வெச்சிருக்கான். நம்ம கிட்ட அப்படி என்ன இருக்கு? பனி, குளிர், போர்வை. மூணே வார்த்தை. மூணும் தேஞ்சு போச்சு.

தயிர்சாதம் | இரவு 11.49

ஹலோ நான் ரொம்ப நேரமா படிச்சுட்டு மட்டும் இருந்தேன் இப்ப வாயத் திறக்காம இருக்க முடியல. மூணு வார்த்தையா??? என்னங்க நீங்க சமையக்கட்டுக்குள்ள போனதே இல்லயா? மார்கழி வந்தா தோசமாவு பொங்காது, அடுப்புக்குப் பக்கத்துல கம்பளிய சுத்தி வெக்கணும், தேங்காண்ணெய் உறைஞ்சு பாட்டில்லேந்து வராது, காலைல குளிக்கறவங்க வரிசைல யாரு சுடுதண்ணிய தீத்தாங்கனு சண்டை, உதட்டுக்கு நெய், குதிகால் வெடிப்பு, தாத்தாக்கெல்லாம் குரங்குக்குல்லா, மொச்சக்கொட்டை வாசம், கோலத்து நடுவுல சாணி உருண்டைல பூசணிப்பூ, விடியக்காலம் ஸ்பீக்கர்ல பாட்டு, ஐயப்பசாமிங்க கறுப்பு வேட்டி, பனங்கிழங்கு, தயிர் ஒறையாம பாலாவே இருக்கறது (என் பேருக்கே ஆபத்து). இதெல்லாம் கிகோ இல்லாம வேற என்னவாம். எழுதி வெக்கலன்னா இல்லேன்னு அர்த்தமா?

இந்தாங்க, இப்பவே எழுதறேன், யாரும் சிரிக்கக் கூடாது:

மாவு பொங்கல
அடுப்புப் பக்கம் நகத்தி வெச்சேன்
கோவிச்சுட்டுத் திரும்பிப் படுத்தவர் முதுகுல
ஜில்லுன்னு என் கால வெச்சேன்

பால்பாக்கெட் | இரவு 11.53

😂😂😂 அக்கா பிரமாதம். பொங்கிச்சா?

தயிர்சாதம் | இரவு 11.55

மாவா அவரா? மாவு பொங்கிடுச்சு.

மலைரயில் | காலை 6.20

இங்க ஊட்டில காலை வணக்கம். நம்ம ஊர்ல குளிர் இல்லேன்னு எழுதியிருக்கறத குரங்குக்குல்லாவோட உக்காந்து படிச்சேன், விரலு ஸ்கிரீன்ல வேல செய்யல. தமிழ்நாடுன்னா சமவெளி மட்டும் இல்ல சாமி. டிசம்பர் ஜனவரில இங்க உறைபனி, புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி வெள்ளையா கெடக்கும், டூரிஸ்டுங்க கார நிறுத்திட்டு செல்ஃபி எடுப்பாங்க. எங்களுக்கு அது அழகு கெடயாது. தேயிலைக் கொழுந்து வெயில் பட்டதும் கருகிடும், ராத்திரியே செடி கொடியப் போட்டு மூடி வெப்போம், இல்லாட்டி தண்ணி தெளிப்போம். எங்கம்மா பறிக்கப் போனவங்கதான். உறைபனி விழுந்த அன்னிக்கு அப்பா வாசல்ல நின்னு புல்லப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள வருவாரு, அம்மா அவரு மூஞ்சியப் பாத்துட்டு டீல ஒரு ஸ்பூன் சக்கரை கூடப் போடுவாங்க. நான் பாத்த காதல் கவிதை அதுதான், அத வரி பிரிச்சு எழுத வரல எனக்கு.

வாடைக்காத்து | காலை 6.45

வரி பிரிக்க வேணாம் விடுங்க. அந்த ஒரு ஸ்பூன் சக்கரை போதும்.

பனங்கிழங்கு | காலை 7.10

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்ப இருவத்திரண்டு வருசமா ரொறன்ரோவில. இங்க இன்னும் முதல்நாள் இரவு. தம்பி பால்பாக்கெட், நீங்கள் காணாத ஸ்னோவை நான் ஒவ்வொரு வருசமும் தள்ளுறன், நாரி, அதுதான் இடுப்பு, போயிட்டுது. வந்த புதுசில நானும் வெண்பனி வெண்பஞ்சு எண்டு எழுதினனான். ரெண்டாம் வருசம் அதை எழுதேலாமப் போச்சு. ஏனெண்டா ஸ்னோ எண்டுறது இங்க அழகில்லை, வேலை. விடிய எழும்பி கார் கண்ணாடி சுரண்டவேணும், உப்புப் போடவேணும், போடாட்டிக் கடுதாசிக்காரன் விழுந்திடுவான்.

இப்ப எழுதினால் இப்பிடித்தான் வருது:

ஸ்னோ தள்ளிப்போட்டு உள்ள வாறன்
தேத்தண்ணிக்கு மேல
சோசர் கவிட்டு வைச்சிருக்கு
கதைபேச்சு நிண்டு ரெண்டு நாள்

தயிர்சாதம் | காலை 7.22

ஐயோ. "கவிட்டு வைச்சிருக்கு", யார் வெச்சாங்கன்னு கூட சொல்லல பாருங்க. ரெண்டு நாளா பேசாதவங்க சூடு ஆறக்கூடாதுன்னு மூடி வெச்சிருக்காங்க. அண்ணா அப்புறம் பேசினீங்களா இல்லயா?

பனங்கிழங்கு | காலை 7.30

தேத்தண்ணி நல்லாயிருக்கெண்டு சொன்னன் பிள்ளை. அதுக்கு அவ, சீனி குறைவெண்டு சொல்லிப்போட்டுப் போட்டா. அது கதைச்ச கணக்குத்தானே.

சும்மா_ஒருத்தன் | காலை 8.05

சரி தோத்துட்டேன்னு வெச்சுக்கோங்க, ஆனா ஒரு கேள்வி இருக்கு. இது எல்லாமே வீடு, கிச்சன், டீ. இதெல்லாம் அன்றாடம். ஒத்துக்கறேன். ஆனா காதல்னா கொஞ்சம் ஏக்கம், பிரிவு, ராத்திரி தூக்கமின்மை இதெல்லாம் வேணாமா? டீயும் தோசமாவும் வெச்சே எவ்ளோ நாள் ஓட்டறது?

வாடைக்காத்து | காலை 8.40

வேணும்தான். ஆனா பிரிவச் சொல்லவும் சுடுதண்ணிதான் உதவியிருக்கு. ஸ்கூலுக்குக் கெளம்பணும், ஆனாலும் இத சொல்லாம போக மனசு வரல.

குறுந்தொகை 277. காதலன் போயிருக்கான், பனி வாடை, அதான் வடக்கேந்து வர குளிர்காத்து, வர நேரத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு. தோழி என்ன பண்றா, வழில ஒரு பெரியவர், காலத்தக் கணிச்சுச் சொல்ற அறிவர் வராரு, அவர்கிட்ட வாடை எப்ப வரும்னு கேக்கணும். சும்மா கேக்காம முதல்ல வாழ்த்தறா. வாழ்த்து எப்படி தெரியுமா. பணம் காசு, நூறு வயசு, மோட்சம் எதுவும் இல்ல. நாய் இல்லாத வீட்டு வாசல் உனக்குக் கெடைக்கட்டும்! பிச்சைக்குப் போறவருக்கு அதவிட பெரிய வரம் என்ன இருக்கு. செந்நெல் சோத்து உருண்டை, அது மேல வெள்ளை வெளேர்னு நெய், அதுவும் வீடு வீடா அலையாம ஒரே வீட்டுல வயிறு நெறையக் கெடைக்கட்டும். அப்புறம் வருது பாருங்க:

அற்சிர வெய்ய வெப்பத் தண்ணீர்
சேமச் செப்பில் பெறீஇயரோ நீயே

குளிர்காலத்துக்கு இதமான சூடான தண்ணி, பத்திரப்படுத்தி வெக்கற செப்புல உனக்குக் கெடைக்கட்டும். வெப்பத் தண்ணீர்ங்கறா! தண்ணீர்னாலே தண்மையான நீர், அது கூட வெப்பம். நாம இன்னிக்கு சுடுதண்ணினு சொல்லிட்டு அதுல உள்ள முரண கவனிக்கறதே இல்லல்ல, அப்பவும் அப்படியே பேசியிருக்காங்க.

இவ்ளோ வாழ்த்திட்டுக் கடைசில, வாடை எப்ப வரும்னு நீ சொல்றியோ அப்ப எங்க ஆளு வந்துடுவாருன்னு முடிக்கறா. எழுதினவர் பேரு மறந்து போச்சு போல, பாட்டுல வர சொல்லையே பேரா வெச்சு ஓரிற் பிச்சையார்னு போட்டுட்டாங்க.

பால்பாக்கெட் | காலை 8.52

டீச்சர் இது வெதர்மேன் கிட்ட போயி மழை எப்ப வரும்னு கேக்கறதுதான!! நாங்க லீவுக்காகக் கேப்போம், அந்தப் பொண்ணு ஆளுக்காகக் கேக்குது. அப்புறம் சேமச் செப்புன்னா ஃபிளாஸ்க்கா?

கரிசக்காடு | காலை 9.03

ஃபிளாஸ்க்குதான் அண்ணே, எங்க ஆச்சி வெளக்கெண்ண வெச்சிருந்த செம்புச் செப்பு ஒண்ணு பரண்ல கெடக்கு, சூடு தாங்குமான்னு இன்னைக்கு ஊத்திப் பாக்கப் போறேன்.

ஓய்வூதியம் | காலை 9.15

ஃபிளாஸ்க் என்று சொல்லிவிட முடியாது தம்பி. உரைகளில் நீரைப் பாதுகாத்து வைக்கும் பாத்திரம் என்ற அளவில்தான் பொருள். ஆனால் அதில் இருந்தது வெந்நீர் என்பது பாட்டிலேயே இருக்கிறது. இந்தக் குளிரில் விடியற்காலை மாத்திரை விழுங்க எனக்கு என் மருமகள் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறாள். இதுவரை அவளிடம் ஒன்றும் சொன்னதில்லை. நாய் இல்லாத வாசல் என்று வாழ்த்த முடியாது, எங்கள் வீட்டில் இரண்டு நாய்.

ராத்திரி_டூட்டி | காலை 9.40

டூட்டி முடிச்சு பஸ்ல படிச்சுட்டு வரேன், ஸ்டாப்ப தாண்டிட்டேன், யாராவது பொறுப்பேத்துக்கணும்.

சும்மா_ஒருத்தன் ஏக்கம் கேட்டாருல்ல. வாடைக்காத்து அக்கா ஒரு தடவ வேற இழைல குறுந்தொகை 110ஆவது பாட்டு போட்டிருந்தீங்க, நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன். "வாரார் ஆயினும் வரினும் அவர் நமக்கு யாராகியரோ"ன்னு ஆரம்பிக்கும். வந்தா என்ன வராட்டி என்ன அவரு யாரு நமக்கு. நீலப்பூவ அலைச்சு, கருவிளைப்பூவ ஆட்டி, ஈங்கைப்பூவ உதுத்துட்டு சில்லுனு வாடை அடிக்குது, இந்த வாடைல அவ என்ன ஆனாளோன்னு கூட நெனைக்காத ஆளு.

போன தடவ சென்னைல புயல் வந்தப்ப மூணு நாள் ஆஸ்பத்திரிலயே இருந்தேன், ரிலீவ் பண்ண ஆள் வரல, கரண்ட் இல்ல, ஜெனரேட்டர்ல வார்டு ஓடிச்சு. ஜன்னல் வழியா அந்தக் காத்துச் சத்தம் இப்பவும் காதுல இருக்கு. சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, மளிகைக்கடை அண்ணன் வரைக்கும் சேஃபா இருக்கியானு மெசேஜ். வரவேண்டிய ஒருத்தர்கிட்டேந்து வரல. நாலாம் நாள் "ஹாய்"னு வந்துச்சு. என்னாயினள்கொல் என்னாதோர்! அன்னிக்கு இந்தப் பாட்டு எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா ரிப்ளைக்கு அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணியிருப்பேன்.

சும்மா_ஒருத்தன் | காலை 9.55

...சாரிங்க. இதுக்கு ஜோக் வரல எனக்கு.

ராத்திரி_டூட்டி | காலை 9.58

பரவால்ல, நான் பிளாக் பண்ணிட்டேன் 😌 இப்ப தூங்கப் போறேன்.

மீதிக்காசு | மதியம் 1.15

புதுசா சேந்திருக்கேன், வயசு அறுவத்தி மூணு, பொண்ணுதான் இதுல எழுதக் கத்துக் குடுத்தா. தப்பு இருந்தா மன்னிக்கணும். எல்லாரும் எழுதறத பாத்து நானும் ஒண்ணு.

அந்துருண்ட வாசம் போகல
வருஷத்துல பத்து நாள்தான் குளிரு
அவரு ஸ்வெட்டர
நான் போட்டுக்கறேன்

வாடைக்காத்து | மதியம் 1.31

அம்மா வாங்க. தப்பு ஒண்ணும் இல்ல. ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து படிச்சேன், பக்கத்துல இருந்தவங்க என்னாச்சுன்னு கேட்டாங்க.

தயிர்சாதம் | மதியம் 1.44

அவரு இல்லன்னு ஒரு இடத்துலயும் சொல்லல. நான் மறுபடி மறுபடி படிச்சுப் பாத்தேன், எங்கயும் இல்ல. அம்மா உங்களுக்கு ஒரு கும்பிடு.

சும்மா_ஒருத்தன் | மதியம் 2.20

அம்மா நேத்து ராத்திரி நான் "பதினஞ்சு நாள் குளிருக்குக் கவிதை எதுக்கு"ன்னு எழுதியிருந்தேன். அத அழிச்சிடலாம்னு பாத்தேன், எடிட் டைம் முடிஞ்சிடுச்சு.

மீதிக்காசு | மதியம் 2.41

இருக்கட்டும் தம்பி. அவரும் அப்படித்தான் சொல்வாரு, இந்த ஊருக்கு எதுக்குடி ஸ்வெட்டருன்னு. நான்தான் அடம்பிடிச்சு வாங்கிக் குடுத்தேன். ரெண்டு தடவதான் போட்டாரு.

பனங்கிழங்கு | மாலை 6.02

வேலைக்கு வெளிக்கிடுறன், விடிய ஏழரையாகுது இங்க. அம்மா எழுதினதை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். ஒண்டும் சொல்லேல்லை. அலுமாரியைத் திறந்து என்ர பழைய ஸ்வெட்டரை எறியவெண்டு கட்டி வைச்ச பைக்குள்ள இருந்து எடுத்து வெளியில வைச்சிட்டா.

மலைரயில் | மாலை 6.48

82ஆம் பாட்டும் யாராவது போடுங்க, அவரைப்பூ வருமே, என் தங்கச்சி புஸ்தகத்துல படிச்ச ஞாபகம்.

வாடைக்காத்து | மாலை 7.15

கடுவன் மள்ளனார். தலைமுடியக் கோதிவிட்டு, பின்னாடி வந்து நின்னு, அழாதேன்னு சொல்லி என் கண்ணத் தொடச்சு விட்டவரு, இப்ப எங்களுக்கு யாரு? தினை அறுத்த தாள்ல அவரைக்கொடி ஏறிப் பூக்கற பனிக்காலம் வந்துடுச்சு, அவரு வரல. "கொழுங்கொடி அவரை பூக்கும் அரும்பனி அச்சிரம் வாராதோரே".

இதுல எனக்குப் பிடிச்சது அந்தக் கொடிதான். தினை அறுத்தாச்சு, மிச்சம் வெறும் தாளு, ஆனா அவரைக்கு அது போதும், பிடிச்சு ஏறிப் பூத்துடுது. அவளுக்குப் பிடிச்சுக்க அது கூட இல்ல. இத நான் சொல்லலாமா கூடாதான்னு தெரியல, கரிசக்காடு திருத்துவாரு.

கரிசக்காடு | இரவு 8.10

திருத்த ஒண்ணுமில்ல டீச்சர். ஊடுபயிரா அவரை போட்டா அப்பிடித்தான் ஏறும். அப்புறம் செப்புல சுடுதண்ணி ஊத்திப் பாத்தேன், அரமணி நேரத்துல ஆறிப்போச்சு, மூடி சரியா இல்ல. துணிய சுத்தி நாளைக்குத் திரும்பப் பாக்கணும்.

பால்பாக்கெட் | இரவு 9.05

சரியா ஒரு நாள் ஆச்சு இழை போட்டு. இன்னிக்குக் காலைல பால் வாங்கக் கீழ போனேன், என் வண்டி சீட்டு பூரா பனி. எப்பவும் துணிய எடுத்துத் தொடச்சுட்டுப் போற ஆளு, இன்னிக்கு ரெண்டு நிமிஷம் நின்னு பாத்தேன். ஸ்டேட்டஸ்ல போடல, இங்கதான் போடறேன்.

பால் வாங்க எறங்கினேன்
வண்டி சீட்டுப் பனில
விரலால எம்பேர எழுதி
பாதில விட்டிருக்கு

அக்கவுண்ட்ஸ் சாருக்குக் காட்டினேன். "யாருப்பா எழுதினது?"ன்னு கேட்டாரு.

தயிர்சாதம் | இரவு 9.09

நாங்களும் அததான் கேக்கறோம்!! யாரு? மேல் வீடா எதிர் வீடா?

பால்பாக்கெட் | இரவு 9.12

தெரியாதுக்கா. நிஜமாவே தெரியாது. நாளைக்கு அஞ்சரைக்கே எறங்கலாம்னு இருக்கேன்.

ஓய்வூதியம் | இரவு 9.30

குரங்குக்குல்லா போட்டுக்கொண்டு போகவும்.

சும்மா_ஒருத்தன் | இரவு 11.47

எல்லாரும் தூங்கியிருப்பீங்க. நானும் ஒண்ணு எழுதினேன். இன்னிக்கு வீட்டுல நடந்தது.

தேங்காண்ணெய் உறைஞ்சு போச்சு
பாட்டில வெயில்ல வெச்சுட்டு
பக்கத்துலயே உக்காந்திருக்கா அம்மா
அப்பா வர பஸ்ஸு பத்து மணிக்கு

ராத்திரி_டூட்டி | இரவு 11.52

நான் முழிச்சுட்டுதான் இருக்கேன், டூட்டி. அப்பா வந்தாரா?

சும்மா_ஒருத்தன் | இரவு 11.54

பஸ்ஸு லேட்டு. பதினொண்ணே காலுக்கு வந்தாரு. எண்ணெய் உருகி சூடே ஏறிடுச்சு, அம்மா பாட்டில எடுத்து நெழல்ல வெச்சாங்க.